பிக்கப்பை உயர்த்த பர்சனல் லோன் வாங்கலாமா?

கேள்வி: இரண்டு வருடம் முன்பு, ஐந்து வருடக் கடனில் ஒரு டபுள் கேப் பிக்கப் வாங்கினேன். கைக்கு வரும் சம்பளத்தில் 22% அதன் தவணைக்குப் போகிறது. மாதம் 15% சேமிக்கிறேன். அவசரத்துக்கென்று இரண்டு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்கிறது. வண்டியில் ஒரே குறை, பள்ளம் மேட்டில் குலுக்கி எடுக்கிறது. பின்சீட்டில் மனைவியும் பிள்ளைகளும் புலம்புகிறார்கள். வண்டியை 4 அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட்டும் 35 அங்குல டயரும் போட்டால் குலுக்கலே தெரியாது என்கிறார் கடைக்காரர். கிட், நாலு டயர், கூலி எல்லாம் சேர்த்து என் நாலு மாதச் சம்பளம் ஆகும். 14% வட்டியில் மூன்று வருட பர்சனல் லோன் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கடன் கணக்கு சின்னது, அதை முதலில் முடித்துவிடுவோம். நாலு மாதச் சம்பளத்தை 14% வட்டியில் 36 மாதத்துக்கு வாங்கினால், மாதத் தவணை சம்பளத்தில் 13.7% வரும். நீங்கள் சேமிப்பதே 15%தான். மூன்று வருடத்துக்குச் சேமிப்பு என்று ஒன்று கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தவணையும் சேர்ந்து 36% பக்கம் போய்விடும். மொத்தமாகத் திருப்பிக் கட்டுவது ஏறத்தாழ ஐந்து மாதச் சம்பளம். நடுவில் வேலைக்கு ஏதாவது ஆனால் கையில் இருப்பது இரண்டு மாதப் பணம்.

ஆனால் வட்டியே இல்லாமல் அந்தப் பணம் கிடைத்தாலும் என் பதில் இதுதான். நீங்கள் கேட்பது சொகுசு. கடைக்காரர் விற்பது உயரம். இரண்டும் ஒன்று என்று அவர் சொல்வதை நம்பித்தான் கையெழுத்துப் போடப் போகிறீர்கள்.

பிக்கப் ஏன் குலுக்குகிறது என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள். பெரும்பாலான பிக்கப்களில் பின் அச்சின் மேல், லாரியில் இருப்பதுபோல, இரும்புப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் இருக்கும். சுமை ஏற்றினால் தொய்ந்துவிடாமல் தாங்குவதற்காகச் செய்தது அது. முக்கால்வாசி நாள் பின்னால் காலியாகத்தான் ஓட்டுவீர்கள். காலி வண்டியின் எடை அந்தப் பட்டைகளை அதிகம் வளைக்கப் போதாது, அதனால் ஒவ்வொரு பள்ளமும் நேராக சீட்டுக்கு வருகிறது. நாலு மூட்டை ஏற்றிய அன்று வண்டி சாதுவாகப் போவதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

இதில் லிஃப்ட் கிட் என்ன செய்யும்? எந்தக் கிட் என்பதைப் பொறுத்தது. சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டைகள் வைத்து உயர்த்துவது ஒரு வகை. அதில் சஸ்பென்ஷனை யாரும் தொடுவதில்லை, குலுக்கல் அப்படியே இருக்கும். இன்னொன்று, குலுக்கலை அடக்கும் முன்பக்க ஷாக்கின் தலையில் ஸ்பேசர் என்ற ஒரு இடைக்கட்டையை வைத்து மாட்டுவது. ஸ்பிரிங் பழையதுதான், ஆனால் சக்கரத்தைத் திரும்பவிடும் பால் ஜாயின்டும் அச்சின் மூட்டுகளும் அதிகக் கோணத்தில் சாய்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கும், சீக்கிரம் தேயும். ஸ்பேசர் ஸ்பிரிங்கை அழுத்தும்படி வைக்கப்பட்டால் சக்கரம் கீழே இறங்க இடம் குறைந்து, பள்ளத்தில் விழும்போது ‘டொக்’ என்று முடிவில் போய் இடிக்கும். பின்பக்கம் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சொருகி உயர்த்துபவர்களும் உண்டு. உங்கள் வியாதிக்கு அது நேர் எதிர் மருந்து, பட்டை கூடக் கூட ஸ்பிரிங் இறுகும்.

ஸ்பிரிங், ஷாக், சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கண்ட்ரோல் ஆர்ம் எல்லாவற்றையும் மாற்றும் முழுக் கிட் வேறு ரகம். நல்ல தயாரிப்பாக இருந்தால் கரடுமுரடான பாதையில் கம்பெனி சஸ்பென்ஷனைவிட நன்றாகவே ஓடும். அங்கேயும் சொகுசைத் தருவது அதிலிருக்கும் ஷாக்கும் ஸ்பிரிங்கும்தான். அதே தரமான ஷாக்கை உயர்த்தாமலேயே மாட்டிக்கொள்ளலாம், அதைக் கடையில் யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள்.

டயருக்கு வருவோம், குலுக்கலில் பாதி ரகசியம் அங்கேதான். கடைக்காரர் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. பெரிய சக்கரம் சின்னப் பள்ளத்துக்குள் முழுசாக இறங்காது, மேலோடு உருண்டு போய்விடும். பக்கச் சுவர் உயரமாக இருந்தால் அதுவே ஒரு மெத்தை. மண் பாதையில் காற்றைக் குறைத்து ஓட்டுபவர்களுக்கு இது சொர்க்கம். ஆனால் 35 அங்குல அளவில் கிடைக்கும் டயர்களில் பெரும்பாலானவை பாரம் தாங்குவதற்கான, சுவர் தடித்த ரகம். வண்டியோடு வந்த டயரைவிட ஒவ்வொன்றும் 10 கிலோ அளவுக்குக்கூடக் கனமாக இருக்கலாம். அந்தக் கனம் ஸ்பிரிங்குக்கு மேலே இல்லை, கீழே இருக்கிறது. அதுதான் வினை. ஈரம் ஊறிய கனமான பூட்ஸோடு மாடிப்படி ஏறிப் பாருங்கள், ஒவ்வொரு படியிலும் முழங்காலுக்குத் தெரியும். மேலே எகிறிய கனமான சக்கரத்தை அடக்க பழைய ஷாக் திணறும். ஒரு மேட்டில் ஒரு குலுக்கு போய் இரண்டு, மூன்று குலுக்காகும். நாலு டயருக்கு 40 கிலோ என்றால், வண்டி ஏற்றக்கூடிய சுமையிலும் அவ்வளவு குறையும். வண்டியை உயர்த்தினால் பாரம் கூட ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உயரம் கூடினால் ஈர்ப்பு மையமும் மேலே போகிறது. வளைவில் வண்டி அதிகம் சாயும். பின்சீட்டில் வாந்தி வரும் பிள்ளை இருந்தால் சொகுசைப் பற்றி அவளிடம்தான் கேட்க வேண்டும்.

இப்போது விலைச்சீட்டில் இல்லாத செலவுகளைப் பார்ப்போம். நாலு டயர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டெப்னி? பழைய அளவிலேயே விட்டுவிட்டால், பஞ்சர் ஆன அன்று ஒரு சக்கரம் மட்டும் குட்டையாகச் சுற்றும். நாலு சக்கர ஓட்டம் இருக்கும் வண்டியில் அது டிஃபரன்ஷியலை, அதாவது அச்சில் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதியை, போட்டு வாட்டும். ஐந்தாவது டயர் வாங்கினாலும், வண்டிக்கு அடியில் இருக்கும் ஸ்டெப்னி இடத்தில் அது நுழையுமா என்று அளந்து பார்க்க வேண்டும். அலைன்மென்ட் கட்டாயம் செய்ய வேண்டும், செய்யாமல் ஓட்டினால் புது டயர் ஒரு ஓரமாகத் தேயும். ஹெட்லைட்டை இறக்க வேண்டும். முன்பக்கக் கேமரா, ரேடார் உள்ள வண்டியாக இருந்தால் அதையும் மறுபடி சீராக்க வேண்டும்.

அப்புறம் கியர். உங்கள் வண்டியில் 265/70 ஆர் 17 டயர் இருப்பதாக வைத்துக்கொள்வோம், அதன் விட்டம் ஏறத்தாழ 803 மி.மீ. 35 அங்குலம் என்று விற்கப்படும் 315/70 ஆர் 17 டயருக்கு 873 மி.மீ. வித்தியாசம் 70 மி.மீ. தரையிலிருந்து அச்சுக்குக் கிடைக்கும் கூடுதல் உயரம் அதில் பாதி, 35 மி.மீ. மட்டுமே. ஆனால் சக்கரம் ஒரு சுற்றுக்கு 8.7% அதிக தூரம் போகும். என்ஜினுக்கு அது எல்லா கியரையும் கொஞ்சம் கூட்டி வைத்து ஓட்டுவதுபோல இருக்கும். வண்டி இழுக்கவில்லை என்று ஆறு மாதம் கழித்துப் போய் நிற்பீர்கள். டிஃபரன்ஷியலின் பல்சக்கர விகிதம் 3.73 என்றால் அதை 4.10 ஆக மாற்றச் சொல்வார்கள். அது தனி பில்.

ஸ்பீடோமீட்டரும் ஏமாற்றும். முள் 80 காட்டும்போது நீங்கள் 87இல் போய்க்கொண்டிருப்பீர்கள். ஓடோமீட்டரும் குறைவாகவே எண்ணும். அதை வைத்து மைலேஜ் கணக்குப் போட்டால் உண்மையைவிட மோசமாகத் தெரியும். அதைத் திருத்திப் பார்த்தாலும் மைலேஜ் குறைந்துதான் இருக்கும்: கனம், உயரத்தால் கூடும் காற்றுத் தடை, தரையைக் கவ்வும் டயரின் ரப்பர் பட்டன். எரிபொருள் செலவு மாதாமாதம் வருவது, கடன் முடிந்த பிறகும் நிற்காது.

காகித வேலை பற்றிச் சுருக்கமாக: வண்டி இன்னும் கடனில் இருப்பதால், மாற்றம் செய்ய அனுமதி வேண்டுமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லாமல் உயர்த்தினால், விபத்து நடந்த பிறகு இழப்பீடு கேட்கும்போது அதுவே பிரச்சினையாகலாம். வாரன்டி புத்தகத்தில் சஸ்பென்ஷன் பக்கத்தைப் படியுங்கள். சாலைச் சட்டம் எவ்வளவு உயரம் வரை விடுகிறது என்பதையும் விசாரியுங்கள்.

சரி, குலுக்கலுக்கு என்னதான் வழி? என் கதையைச் சொல்கிறேன். எனக்கும் ஒரு பிக்கப் இருந்தது, ஒரு வருடம் முதுகு வலியோடு ஓட்டினேன். ஸ்பிரிங்கை மாற்ற விலை எல்லாம் விசாரித்துவிட்டேன். ஒரு நாள் காலையில் கேஜ் வைத்துப் பார்த்தால் டயரில் 50 பி.எஸ்.ஐ. கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் 35 என்கிறது. காற்று அடித்த கடையில், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைப் பார்த்து அதன் பக்கமாக அடித்து வைத்திருக்கிறார்கள். அது டயர் தாங்கும் எல்லை, வண்டிக்குத் தேவையான அளவு இல்லை. காற்றை இறக்கியதும் பாதி வலி போனது. செலவு ஒன்றும் இல்லை. அதற்குள் ஒரு வருடம் போய்விட்டதே என்ற எரிச்சல் மட்டும் இருந்தது.

உங்களுக்கும் காற்றிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். அடுத்து, ஷாக்கில் எண்ணெய் கசிகிறதா, மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கின்றனவா என்று ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கிட் விற்பவரிடம் வேண்டாம். தேவைப்பட்டால் கம்பெனி உயரத்துக்கே நல்ல ஷாக் நாலு மாட்டுங்கள். டயர் தேய்ந்து மாற்றும் நாள் வரும்போது, அதே அளவில், பாரம் தாங்கும் குறியீடு குறையாமல், சாலைக்கான மென்மையான ரகமாகப் பார்த்து வாங்குங்கள். இவ்வளவும் சேர்ந்து நாலு மாதச் சம்பளத்தில் கால்வாசிகூட ஆகாது என்பது என் கணிப்பு. இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டு நீங்களே சரிபாருங்கள். கடனும் வேண்டாம், சேமிப்பிலிருந்தே முடியும்.

இவ்வளவு படித்த பிறகும் அந்த உயரமான வண்டிதான் கண்ணில் நிற்கிறது என்றால், அதுவும் தப்பில்லை. ஆசைக்குச் செலவு செய்யலாம், அதைச் சொகுசு என்று எழுதிக் கடன் வாங்கக் கூடாது, அவ்வளவுதான். வண்டிக் கடன் முடிய மூன்று வருடம் இருக்கிறது. அது முடிந்ததும் அதே 22% தவணையை ஒரு தனிக் கணக்கில் போட்டு வந்தால் 18 மாதத்தில் ஏறத்தாழ நாலு மாதச் சம்பளம் சேர்ந்துவிடும். அதற்கு முன் இதே கிட்டும் டயரும் போட்ட வண்டி ஒன்றை, தெரிந்தவரிடம் கேட்டு வாங்கி, நீங்கள் தினம் போகும் பாதையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். குடும்பத்தைப் பின்சீட்டில் உட்கார வையுங்கள், நீங்களும் பாதி நேரம் பின்னால் உட்காருங்கள். மாற்றினால் கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். உயர்த்திய வண்டியை வாங்க வருபவர்கள் குறைவு. பழையபடி மாற்றிக் கொடுக்கும் வசதி இருந்தால் விற்கும்போது பேரம் பேச முடியும்.

நாளைக் காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது, கேஜில் வரும் எண்ணையும் கதவுத் தூணில் இருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் எனக்கு எழுதுங்கள்.