மொறிஸ் மைனருக்கு என்ன சில்லு போடலாம்?

கேள்வி: அப்பா விட்டுப்போன மொறிஸ் மைனர் 1000 ஒன்று எங்கள் வீட்டில் நிற்கிறது. 1958ஆம் ஆண்டுக் கார். இரண்டு றிம்கள் துருப்பிடித்து உக்கிவிட்டன. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில், பழைய ரொயோட்டா கொறோலாவில் இருந்து கழற்றிய 13 அங்குல அலோய் சில்லுகள் நான்கு மலிவாகக் கிடைக்கின்றன. நான் கொண்டுபோன றிம்முக்கு மேல் வைத்துப் பார்த்தபோது நாலு துளையும் ஒத்துவந்தன. கடைக்காரரும் “அப்படியே போகும்” என்கிறார். வாங்கலாமா? (கோண்டாவில் வாசகர்)

பதில்: வேண்டாம். முற்பணம் கொடுத்திருந்தால் அதைத் திருப்பிக் கேளுங்கள். கிடைக்காவிட்டாலும் அந்தச் சில்லுகளை எடுக்காதீர்கள்.

சில்லு மாட்டும் ஹப்பில் நீட்டிக்கொண்டு நிற்கும் புரி போட்ட கம்பிகள்தான் ஸ்டட்கள். மைனரின் நாலு ஸ்டட்களின் நடுப்புள்ளிகளையும் தொட்டு ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம் சரியாக 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். கராஜ்களில் பி.சி.டி. என்று சொல்வது இந்த விட்டத்தைத்தான். முன்சில்லு இழுக்கும் கொறோலாக்களுக்கும் இங்கே ஓடும் வேறு பல ஜப்பான் சின்னக் கார்களுக்கும் இது 100 மில்லிமீற்றர். வித்தியாசம் 1.6 மில்லிமீற்றர். ஒரு துளைக்கு என்று பார்த்தால் 0.8 மில்லிமீற்றர்தான். கண்ணுக்குத் தெரியாது. றிம்முக்கு மேல் றிம்மை வைத்துப் பார்த்தாலும் தெரியாது.

காரில் மாட்டும்போதாவது தெரியுமா என்றால், அதுவும் இல்லை. மைனரின் ஸ்டட் மூன்றெட்டு (3/8) அங்குலம், கிட்டத்தட்ட 9.5 மில்லிமீற்றர் தடிப்பு. ரொயோட்டா றிம்மின் துளையோ 12 மில்லிமீற்றர் ஸ்டட்டுக்காகப் போட்டது. மெல்லிய ஸ்டட் பெரிய துளைக்குள் தாராளமாகப் போகும். பிழையான சில்லு தட்டாமல் முட்டாமல் ஏறி உட்காருவதற்குக் காரணம் இந்த இடைவெளிதான். “அப்படியே போகும்” என்று கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. போகும். ஆனால் பொருந்தாது.

நட்டை இறுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சில்லு நட்டின் முனை கூம்பாக இருப்பது, றிம்மில் உள்ள கூம்புக் குழிக்குள் சுற்றிவரப் பதிந்து சில்லை நடுவுக்குக் கொண்டுவரத்தான். வட்டம் மாறிப்போனால் ஒவ்வொரு நட்டும் ஒரு பக்கத்தில் மட்டும் கடிக்கும். நாலையும் பலமாக இறுக்கினால் நாலு ஸ்டட்டும் உள்நோக்கி இழுபட்டு நிற்கும். இனிக் கார் ஓடுகிறது. மைனரின் சில்லு ஒரு கிலோமீற்றருக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் சுழலும். ஏற்கெனவே வளைந்து நிற்கும் ஸ்டட்டை ஒவ்வொரு சுற்றும் இன்னும் கொஞ்சம் வளைத்து விடுகிறது. கம்பியை இரண்டு பக்கமும் மாறி மாறி வளைத்தால் எப்படி முறியுமோ அப்படித்தான் இதுவும் முறியும். என்றைக்கு என்று சொல்ல முடியாது. போதாததற்கு, 12 மில்லிமீற்றருக்கு வெட்டிய குழியில் மூன்றெட்டு அங்குல நட்டின் சின்னக் கூம்பு நன்றாகப் பதிவதும் இல்லை. விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். அலுமினியம் தேயத் தேய இறுக்கம் போய்விடும்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் எங்கள் மைனருக்கும் இதே போன்ற ஜப்பான் சில்லுகளை ஒரு கடையில் வாங்கிப் போட்டேன். ஏ9 வீதியால் வரும்போது ஸ்டியரிங்கில் மெல்லிய நடுக்கம் இருந்தது, வீதிதான் சரியில்லை என்று நினைத்தேன். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்கியபோது, கச்சான் விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் “தம்பி, சில்லைப் பாருங்கோ” என்றார். முன் இடது சில்லில் ஒரு ஸ்டட் அடியோடு முறிந்து போயிருந்தது. இன்னும் இரண்டு நட்டுகள் கையாலேயே கழன்றன. பின் ஆசனத்தில் என் பிள்ளைகள் இருவர் இருந்தார்கள். அந்த இடத்தை இன்றைக்கும் என்னால் சும்மா கடந்து போக முடிவதில்லை.

சரி, வேறு என்ன வாங்கலாம்?

முதலில் ஒன்றைப் பாருங்கள். உங்கள் காரில் இருப்பது மைனரின் சொந்த அச்சுகள்தானா? இங்கே எத்தனையோ மைனர்களுக்கு நிசான், ரொயோட்டா எஞ்ஜின் மாற்றியிருக்கிறார்கள். சிலர் அதோடு பின் அச்சையும் மாற்றிவிட்டார்கள். பழைய பின்சில்லு இழுவை டட்சன்களிலும் கேஈ30, கேஈ70 கொறோலாக்களிலும் பி.சி.டி. 114.3 மில்லிமீற்றர். அப்படியான காரில் முன்னுக்கு ஒரு அளவும் பின்னுக்கு இன்னொரு அளவும் இருக்கும், ஒரே மேலதிகச் சில்லு இரண்டுக்கும் உதவாது. அப்பாவின் கார்தானே என்று விட்டுவிடாமல் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள்.

அளப்பது கஷ்டம் இல்லை. நாலு துளைச் சில்லில் எதிரெதிராக உள்ள இரண்டு துளைகளை எடுங்கள். ஒரு துளையின் வெளிவிளிம்பில் இருந்து எதிர்த்துளையின் உள்விளிம்பு வரை அளந்தால் அதுதான் பி.சி.டி.; நடுப்புள்ளியைத் தேடத் தேவையில்லை. ஆனால் தையல் நாடாவோ மரஅளவுகோலோ இதற்குப் போதாது. 1.6 மில்லிமீற்றரைப் பிரித்துக் காட்ட வேர்ணியர் கலிப்பர் வேண்டும். எந்த லேத் பட்டறையிலும் இருக்கும், கேட்டால் தருவார்கள். கடைக்குப் போகும்போது கையில் கொண்டுபோங்கள். அளக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

என்னைக் கேட்டால், உங்களுக்கு முதல் வழி அசல் இரும்பு றிம்தான். மைனர் இந்த நாட்டில் ஏராளமாக ஓடிய கார். காலியில் மைனருக்கு உடற்தகடுகள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியிருக்கிறார்கள். அதனால் பழைய 14 அங்குல றிம் தேடினால் அகப்படும். இரண்டு றிம்தானே உக்கியிருக்கிறது, நாலையும் மாற்றத் தேவையில்லை. வாங்கும்போது றிம்மின் பின்பக்கத்தைச் சுரண்டிப் பாருங்கள், ஸ்டட் துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். துளை நீள்வட்டமாக இழுபட்டிருந்தால், கூம்புக் குழி தேய்ந்து தட்டையாகிவிட்டால், அந்த றிம் இனிப் பழைய இரும்புக்குத்தான். புதுசாகப் பூச்சு அடித்து மினுக்கி வைத்திருக்கும் றிம்மில்தான் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பூச்சு எதையும் மறைக்கும். அச்சில் போட்டுச் சுழற்றி, விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு கம்பியை அசையாமல் பிடித்தால் கோணல் தெரிந்துவிடும்.

அலோய் சில்லுதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. எம்ஜி மிட்ஜெட், ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைட், பழைய மினி எல்லாம் இதே 4 அங்குல வட்டக் கார்கள். மினியின் சில்லு 10, 12 அங்குலம் என்பதால் மைனருக்கு மிகச் சிறிது, அதை விடுங்கள். மிட்ஜெட்டுக்கு வந்த 13 அங்குலச் சில்லை மைனரில் போடுவது பலர் செய்து பழகிய வேலை. மினிலைற் பாணியில் (பழைய பந்தயக் கார்ச் சில்லு வடிவம்) 101.6 வட்டத்துக்கென்றே வார்க்கும் 13 அங்குலச் சில்லுகளை இங்கிலாந்தில் விற்கிறார்கள். இறக்குமதி என்றால் தீர்வை, வரி, கப்பல் கூலி எல்லாம் சேர்ந்து எவ்வளவு வரும் என்று முதலே கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். அலோய் வாங்கினால் அதற்கென்று செய்த நட்டுகளையும் அதே இடத்தில் வாங்குங்கள். மைனரின் நட்டு மூன்றெட்டு அங்குல யூஎன்எஃப் (அங்குல அளவில் வரும் மெல்லிய புரி வகை), அங்குலத்துக்கு 24 புரி. 10 மில்லிமீற்றர் மெல்லிய புரி நட்டை யாராவது எடுத்துக்கொடுத்தால் அதுவும் கிட்டத்தட்ட ஏறுவதுபோலத் தோன்றும். அரை மில்லிமீற்றர் தொளதொளப்பு. புரி முழுவதாகப் பிடிக்காது. இன்னொன்று, ரயர்க் கடையில் ஜப்பான் கார்களுக்கு இறுக்கும் காற்றுத் துப்பாக்கியால் மைனரின் நட்டை இறுக்க விடாதீர்கள். 12 மில்லிமீற்றர் ஸ்டட் தாங்குவதை இந்த மெல்லிய ஸ்டட் தாங்காது, இழுபட்டு நீளும். கையால், சில்லு ஸ்பானரால், குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். ஐம்பது கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

சில்லு உள்ளுக்கும் வெளிக்கும் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதும் முக்கியம். முன்சில்லு இழுக்கும் ஜப்பான் காரின் சில்லு மைனரில் மிகவும் உள்ளே போய் நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உள்பக்கம் எங்காவது உரசலாம். அகலமான ரயர் பின் மட்கார்டில் உரசும். ஒரு சில்லை மட்டும் மாட்டி, ஜாக்கில் தூக்கி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்தபின் மிச்சத்துக்குக் காசு கொடுங்கள். முன் ஹப்பின் கிறீஸ் மூடி சில்லின் நடுத்துளைக்குள் முட்டாமல் போகிறதா என்றும் பாருங்கள்.

ரயரைப் பொறுத்தவரை, பழைய 5.20-14க்குப் பதிலாக 155ஆர்14 போடலாம்; உயரம் கிட்டத்தட்ட அதேதான். 13 அங்குலச் சில்லில் 155/80ஆர்13 போட்டால் உயரம் ஏறத்தாழ நாலு வீதம் குறையும். அதாவது மீற்றர் 60 காட்டும்போது உண்மையில் ஓடுவது 57, 58தான். எஞ்ஜினும் அந்தளவு வேகமாகச் சுழலும். ஊருக்குள் ஓட இது பெரிய குறை இல்லை. கொழும்புக்கு அடிக்கடி போகும் கார் என்றால் நான் 14 அங்குலத்தையே விடமாட்டேன். பழைய இரும்பு றிம்மில் ரியூப் போட்டே ஓட்டுங்கள்.

கேள்வி: என் காரும் மைனர்தான். 100 மில்லிமீற்றர் அலோய் சில்லுகளை ஏற்கெனவே வாங்கிவிட்டேன். துளைகளை வெல்ட் செய்து அடைத்து, லேத்தில் புதிதாகத் துளைத்துத் தரலாம் என்கிறார் மெக்கானிக். அடாப்டர் போடலாம் என்கிறார் இன்னொருவர். எது நல்லது? (வவுனியா வாசகர்)

பதில்: வெல்ட் வேலை வேண்டவே வேண்டாம். வார்த்த அலுமினியச் சில்லு தன் பலத்தை வார்த்தபின் சூடேற்றிப் பதப்படுத்துவதால் பெறுகிறது. வெல்ட் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். அதிகப் பாரம் ஏறும் இடமும் அதே இடம்தான். வெளியே பார்க்க அழகாக இருக்கும்.

அடாப்டர் என்பது ஹப்பில் 101.6 வட்டத்தில் மாட்டி, வெளிப்பக்கம் 100 வட்டத்தில் புது ஸ்டட் தரும் தடித்த தட்டு. ஒழுங்காகச் செய்தது கிடைத்தால் வேலை செய்யும். ஆனால் அந்தத் தடிப்பு அளவுக்குச் சில்லு வெளியே தள்ளப்படும், முன் பெயரிங்குகளுக்குப் பாரம் கூடும், பின் மட்கார்டில் இடம் போதாமல் போகலாம். உங்கள் சில்லு ஏற்கெனவே மிக உள்ளே நிற்கும் வகை என்றால் இது சரிக்குச் சரியாகலாம், அளந்துதான் சொல்ல முடியும். பட்டறையில் கண்ட இரும்புத் தட்டில் வெட்டித் தருவதை மட்டும் போடாதீர்கள். நானாக இருந்தால் சில்லுகளைக் கொறோலாக்காரர் யாருக்காவது விற்றுவிட்டுச் சரியானதை வாங்குவேன். 100 மில்லிமீற்றர் சில்லுக்கு எப்போதும் ஆள் இருக்கும்.

கேள்வி: பழைய வொக்ஸ்வாகன் பீட்டில் வாங்கியிருக்கிறேன். சில்லு தேடினால் ஒருவர் நாலு துளை என்கிறார், ஒருவர் ஐந்து என்கிறார். (மட்டக்களப்பு வாசகர்)

பதில்: இரண்டும் உண்மை. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பீட்டில்கள் ஐந்து துளை, 205 மில்லிமீற்றர் வட்டம். 1960களின் கடைசியில் இருந்து நாலு துளை, 130 மில்லிமீற்றர். ஒன்றின் சில்லு மற்றதில் நுழையவே நுழையாது, அந்த வகையில் மைனர்காரர்களைவிட உங்களுக்கு ஆபத்துக் குறைவு. ஆனால் ஆண்டை நம்பி வாங்காதீர்கள். பிறேக் டிறம் மாற்றிய கார்கள் நிறைய உண்டு, சில்லைக் கழற்றி எண்ணிப் பாருங்கள். பீட்டிலில் ஸ்டட் இல்லை, போல்ற்தான். போல்ற் தலையின் அடி உருண்டையா கூம்பா என்று பார்த்து, சில்லின் குழியும் அதே வடிவமா என்று பாருங்கள்.

கேள்வி: “மைனருக்குப் போகும்” என்று சொல்லி விற்ற சில்லுகள் பொருந்தவில்லை. கடைக்காரர் “பாவித்த சாமான், திருப்பி எடுக்க மாட்டோம்” என்கிறார். ஏதாவது செய்ய முடியுமா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: முடியும், கையில் கடதாசி இருந்தால். பாவித்த சாமான் என்பதால் தேய்மானத்தைப் பற்றி நீங்கள் பெரிதாக வாதாட முடியாது. ஆனால் இன்ன காருக்குப் பொருந்தும் என்று சொல்லி விற்றது பொருந்தாவிட்டால் அது வேறு கதை. பொருளைப் பற்றிப் பிழையான தகவல் கொடுத்து விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடை செய்கிறது. முதலில் கடைக்காரரிடம் கலிப்பரோடு போய் அளந்து காட்டுங்கள். பலர் அதோடு இறங்கி வருவார்கள், அவர்களுக்கே வித்தியாசம் தெரியாமல் இருந்திருக்கும். மறுத்தால் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 1977 என்ற எண்ணுக்கு அழைத்தும் வழி கேட்கலாம். நாள் கடத்த வேண்டாம். சில்லுகளைக் காரில் போட்டு ஓட்டவும் வேண்டாம். குழிகளில் நட்டுக் கடித்த தடம் விழுந்துவிட்டால் பழுதாக்கியது நீங்கள் என்று சொல்லிவிடுவார்கள்.

இனி வாங்கப்போகிறவர்கள் பற்றுச்சீட்டில் “சில்லு 4” என்று மட்டும் எழுத விடாதீர்கள். “மொறிஸ் மைனருக்கு, 4 துளை, 101.6 மி.மீ., பொருந்தாவிட்டால் ஏழு நாளில் திருப்பி எடுக்கப்படும்” என்று எழுதி, கையொப்பம் வைத்துத் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.