புத்தகத்தை மூடி வையுங்கள், தங்கச்சி

கேள்வி: உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் தம்பி, மச்சாள், பக்கத்து லயத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் எல்லோருக்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன்; ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துப் பேசி ஆடும் மேசை விளையாட்டு. அவரவர் வேஷத்தின் திறன்களை எழுதும் பாத்திரத் தாள் நிரப்பவே ராத்திரி ஒன்பதாகிவிட்டது. மச்சாள் தூங்கியே போனாள். எப்படித்தான் தொடங்குவது?
– வாசகி, ஹட்டன்

மச்சாளைக் குறை சொல்ல மாட்டேன். ஆறு திறன், இனம், தொழில், பின்னணி, மந்திரப் பட்டியல் என்று நீட்டினால் எனக்கும் கண் சொருகும். இன்னும் ஆடிப் பார்க்காத ஆட்டத்தில் எது நல்லது என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? தாள்களை நீங்களே நிரப்பிக்கொண்டு போங்கள். வாள்வீரன், கள்வன், மந்திரவாதி, காயம் ஆற்றுகிற பூசாரி. மேசையில் போட்டு "யாருக்கு எது வேணும்?" என்று கேளுங்கள். பெயரை மட்டும் அவர்கள் வைக்கட்டும்.

பண்டாரவளையில் எங்கள் வீட்டு மேசைக்குப் புதிதாக யார் வந்தாலும் நான் விதி சொல்வதில்லை. இப்படி ஆரம்பிப்பேன்: "மூடிக் கிடக்கிற பழைய தேயிலை ஸ்டோர். மேல் மாடியில கொழுந்து வாட்டுற இடத்துல ஒரு வெளிச்சம் நகருது. கதவு உள்ளுக்குப் பூட்டியிருக்கு. என்ன செய்றீங்க?" கோட்டை, அகழி, தொங்குபாலம் எல்லாம் பிறகு வரட்டும். ஸ்டோருக்குள் எது எங்கே இருக்கும் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். வாடின கொழுந்தைக் கீழே தள்ளுகிற வழியால் ஏறப் பார்க்கிறேன் என்பாள் ஒருத்தி. காவலுக்கு இருக்கும் வோச்சரைக் கூப்பிடுவோம் என்பான் இன்னொருவன். வோச்சரைப் பற்றி நீங்கள் யோசித்தே இருக்க மாட்டீர்கள். பரவாயில்லை, இருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள், கொஞ்சம் காது கேட்காது என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செய்ய நினைப்பது பலிக்குமா என்று சந்தேகம் வரும் இடத்தில்தான் இருபது முகப் பகடை. சுலபமான காரியத்துக்கு இலக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கஷ்டத்துக்கு 20. விழுந்த எண்ணோடு, தாளில் அந்தத் திறனுக்கு எழுதியுள்ள கூட்டலைச் சேர்த்து இலக்கைத் தொட்டால் போதும். கூட்டல் எதுவும் இல்லாதவனுக்கு 15 எட்ட நூற்றுக்கு 30 வாய்ப்பு. பூட்டுத் திறந்து பழகிய கள்வனுக்கு 5 கூட்டல் இருந்தால் 55. இதையும் முதல் பகடை உருளும்போது சொன்னால் போதும்.

சண்டையை அவசரப்பட்டுக் கொண்டுவராதீர்கள். 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் முதல் நிலை மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி பெரும்பாலும் 6 முதல் 8 வரைதான். கொப்ளின் என்கிற குட்டிப் பூதம் ஒன்று வெட்டினால் 3 முதல் 8 வரை குறையும். ஒரே வெட்டில் சுருண்டுவிடலாம். விழுந்த உடனே சாவதில்லை, தன் முறை வரும்போதெல்லாம் உயிருக்காகப் பகடை போடலாம். ஆனால் இப்போதுதான் பெயர் வைத்த பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல் இல்லை.

காமன் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேஷம் புதிதில்லை. அங்கே மதன் எரியப் போவது ஊருக்கே முன்கூட்டித் தெரியும். இங்கே கதை நடத்துகிறவருக்கே முடிவு தெரியக்கூடாது. முடிவை எழுதி வைத்துக்கொண்டு பிள்ளைகளை அதற்குள் தள்ளுகிற ஆளோடு நான் உட்கார மாட்டேன்.

கேள்வி: நுவரெலியாக் கடைகளில் ஏறி இறங்கியும் இருபது முகப் பகடை கிடைக்கவில்லை. புத்தகமும் விலை. என்ன செய்ய?
– வாசகர், தலவாக்கலை

போனில் பகடை செயலி இருக்கிறது. அது பிடிக்காவிட்டால் 1 முதல் 20 வரை எழுதிய துண்டுகளை பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கணக்குக் கெட்டுவிடும். டன்ஜன் வேர்ல்ட் என்று இதே மாதிரி இன்னொரு ஆட்டம் இருக்கிறது; அதில் பெரும்பாலான காரியங்களுக்கு லூடோப் பகடை இரண்டு போதும். கூட்டல் சேர்த்து 10க்கு மேல் போனால், ஏன் 10 வந்தாலே, நினைத்தது நடக்கும். 7 முதல் 9 என்றால் நடக்கும், ஆனால் ஏதாவது இழக்க வேண்டும். 6க்குள் என்றால் வம்பு. எனக்குப் பிடித்தது அந்த நடு இடம்தான்; கதை அங்கேதான் சூடு பிடிக்கும்.

புத்தகம் வாங்க வேண்டாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசம். 2023இல் விதிகளின் பெரும் பகுதியை கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் தமிழில் எழுதிக் கொடுக்கவும் தடையில்லை. நீங்களே செய்யலாமே?

கேள்வி: "பேய் விளையாட்டு" என்று அம்மா ஏசுகிறார்.
– வாசகி, மஸ்கெலியா

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும், மேசையில் பொம்மைப் படை நகர்த்தும் போர் விளையாட்டிலிருந்து வளர்த்தெடுத்ததுதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். எண்பதுகளில் அங்கேயும் இதே பயம் பெரிதாகக் கிளம்பி அடங்கியது. இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லி வெல்ல முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்து, வழி தெரிந்த கிழவியாகப் பேசச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்பார்கள், அவர் வாய்க்கு வந்த வழியைச் சொல்லட்டும். எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். காலையில் தோட்ட வேலைக்குப் பெரட்டுக்குப் போகிறவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பார்கள்.