கோஷம் போட்டா உள்ள தள்ளிடுவாங்களா?

கேள்வி: கவர்மென்ட்டைக் கிழிச்சுப் பேசினாலே தேசத்துரோக கேஸ் போட்ருவாங்களா சார்? (வாசகர், துறையூர்)

பதில்: போடுவாங்க, கோர்ட்ல நிக்கிறதுதான் கஷ்டம். 1984 அக்டோபர் 31, இந்திரா காந்தியைச் சுட்ட அன்னிக்கே சண்டிகர்ல ஒரு சினிமா தியேட்டர் பக்கத்துல ரெண்டு கவர்மென்ட் ஊழியருங்க 'காலிஸ்தான் ஜிந்தாபாத்'னு (சீக்கியர் தனி நாடு வாழ்கன்னு அர்த்தம்) கத்தினாங்க, கீழ்கோர்ட் தண்டனை குடுத்துச்சு, ஆனா 1995-ல சுப்ரீம் கோர்ட் விட்ருச்சு, ஏன்னா ஜனங்க யாரும் கூட சேந்து கத்தல, கலவரமும் நடக்கல. 1962 கேதார்நாத் சிங் தீர்ப்புலயே வன்முறையைத் தூண்டினா இல்ல பொது அமைதியைக் கெடுக்கப் பாத்தாதான் 124ஏ (ஐபிசி-யோட தேசத்துரோக செக்‌ஷன்), வெறும் திட்டுக்கு இல்லன்னு சொல்லிட்டாங்க (கூத்து என்னன்னா, சிஐடிகாரங்களை நாய்னு திட்டி புரட்சி பேசின கேதார்நாத்தோட அப்பீல் மட்டும் தள்ளுபடி!).

அப்படியும் 2015-ல டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடின பாடகர் கோவனை இதே செக்‌ஷன்ல தூக்கினாங்களே. 2022 மே மாசம் 124ஏ-வை சுப்ரீம் கோர்ட் நிறுத்தி வெச்சுது, இப்ப 2024 ஜூலையிலேர்ந்து ஐபிசி-க்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோட 152-வது செக்‌ஷன், தண்டனை ஆயுள் வரைக்கும் போகும். அரசை விமர்சிக்கலாம்னு அதுலயும் விளக்கம் இருக்கு, ஆனா ஸ்டேஷன்ல அதை யாரு படிக்கிறா? ஜாமீனுக்கு கோர்ட் படி ஏறி அலையப் போறது நீங்கதான்.