வரலாறு படிப்பவர்களுக்குக் கணினிவழிச் சிந்தனை எதற்கு?

கணினிவழிச் சிந்தனை என்றால், பெரிய சிக்கலொன்றைக் கணினியிடம் ஒப்படைக்கும் அளவுக்குச் சின்னச் சின்னப் படிகளாக உடைப்பது. அவ்வளவுதான். 1980-இல் இந்தச் சொல்லைத் தன் புத்தகத்தில் கையாண்ட கணினி அறிஞர் சீமோர் பாப்பர்ட் நம் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தவர்.

சரி, கணினித் துறைக்கு மட்டுமல்லாமல் எல்லாத் துறைக்கும் இது ஏன்? டர்பனில் வரலாறு படிக்கும் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு, அதாவது டர்பன் இருக்கும் பகுதிக்கு, வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் சுமார் 1,52,000 பேர். எந்த மாவட்டத்திலிருந்து அதிகம் பேர் வந்தார்கள் என்று கப்பல் பட்டியல்களில் அவள் பார்க்க வேண்டும். எண்ணுவது கணினிக்கு நொடி வேலை. ஆனால் ஒரே ஊரை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி நாலு விதமாக எழுதியிருப்பார்கள். எந்தப் பெயரை எந்தப் பெயரோடு ஒன்றாகச் சேர்ப்பது என்ற விதியை நிரல் எழுதுபவர் சொல்ல முடியாது, வரலாறு தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். அதனால் கணினிவழிச் சிந்தனையை அந்தந்தத் துறை வகுப்பிலேயே கற்றுக்கொடுப்பதுதான் நல்லது என்பேன்.

மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாளில், மாவு கரைக்க ஒருவர், அடுப்புக்கு ஒருவர், எது முன் எது பின் என்று பெரியம்மா முதல்நாளே வேலையைப் பிரித்துவிடுவாரே, கணினிவழிச் சிந்தனையும் அதேதான்.

அப்புறம், பலர் நினைப்பதுபோல் இது பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்கும் வகுப்பு இல்லை. தொடக்கத்துக்குப் பென்சிலும் எக்செல்லும் போதும்.