நெதர்லாந்தில் சைக்கிள் ஓட்டுவது அமெரிக்காவைவிட ஆபத்தா?

"சைக்கிளுக்குப் பாதுகாப்பான நாடு என்கிறார்கள், ஆனால் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் நெதர்லாந்தில்தான் சாவு அதிகமாக இருக்கிறதே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில் ஏழு வருடமாக இருக்கிறேன், தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன்.

நீங்கள் சொல்லும் கணக்கு சரிதான். 2022ல் இங்கே சைக்கிளில் போய் இறந்தவர்கள் 291 பேர். மக்கள்தொகை சுமார் 1.76 கோடி. அதே ஆண்டு 33 கோடிப் பேர் வாழும் அமெரிக்காவில் இறந்தவர்கள் 1,100 சொச்சம். பத்து லட்சம் பேருக்கு இங்கே 16, அங்கே 3. ஐந்து மடங்கு.

ஆனால் யாருமே இறங்காத குளத்தில் மூழ்கிச் செத்தவர்களும் இருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் நூறு பயணத்தில் ஒன்றுதான் சைக்கிளில் நடக்கிறது. இங்கே கால்வாசிக்கும் மேல். இருபத்தைந்து மடங்கு ஓட்டி, ஐந்து மடங்கு இறப்பு. அப்படியானால் ஒரு தடவை சைக்கிளை எடுக்கும்போது இருக்கும் ஆபத்து இங்கே ஐந்தில் ஒரு பங்குதான். வகுக்க வேண்டியது மக்கள்தொகையால் அல்ல, ஓட்டிய அளவால்.

அப்புறம், யார் ஓட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். என் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 78 வயது. பேட்டரி சைக்கிளில் கடைக்குப் போவார். போன அக்டோபரில் ஈர இலைச் சருகில் சக்கரம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கார் எதுவும் மோதவில்லை. இங்கே இறப்பவர்களிலும் பெரும் பகுதி அறுபதைக் கடந்தவர்கள். அந்த வயதில் பலர் சைக்கிளைத் தொடவே பயப்படும் நாடுகளில் இப்படிப்பட்ட விபத்து கணக்கில் வருவதே அரிது.

அப்படியானால் இங்கே ஆபத்து குறைவாக இருப்பதற்கு ஹெல்மெட்டா காரணம்? இங்கே பெரும்பாலோர் போடுவதே இல்லை. சாலைதான் காரணம். என் வீட்டுக்குப் பக்கத்துச் சந்திப்பைச் சொல்கிறேன். சிவப்புத் தார் போட்ட சைக்கிள் பாதை, மூலையில் காருக்கும் எனக்கும் நடுவே பிறை வடிவில் ஒரு சிறு திட்டு. வலப்பக்கம் திரும்பும் கார் அதைச் சுற்றித்தான் வர வேண்டும். எனவே வேகம் குறைந்துவிடும். சைக்கிள் பாதையைக் கடக்கும் இடத்தில் கார் அதற்குக் கிட்டத்தட்ட நேர்குறுக்காக நிற்கும். ஓட்டுநர் கழுத்தைத் திருப்பாமலே என்னைப் பார்க்கிறார். தரையில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாக இருக்கும். அவர்தான் எனக்கு வழிவிட வேண்டும் என்று அர்த்தம்.

இது சும்மா வந்ததல்ல. 1971ல் இந்தச் சிறிய நாட்டில் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் 400க்கும் அதிகமானோர் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் தொடங்கி, பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். 1973ல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அரசு மெல்ல மெல்லச் சாலைகளை மாற்றியது.

எந்த நாட்டை எந்த நாட்டோடு ஒப்பிட்டாலும், எண்களைப் பார்ப்பதற்கு முன் காலை எட்டேகால் மணிக்கு ஒரு பள்ளி வாசலில் போய் நில்லுங்கள். என் மகளுக்கு ஒன்பது வயது. முதுகில் பையோடு, அவளாகவே சைக்கிளில் போய் வருகிறாள். முதல் வாரம் மட்டும் நான் பின்னாலேயே போனேன்.