குழுவை விட்டு வந்த பிறகும் அனுமதி கேட்பது ஏன்?
ஒரு குருவின் பிடியில் இருந்த குழுவிலிருந்து உங்கள் தங்கை வெளியேறி எட்டு மாதங்கள் ஆகியும், மஞ்சக்குப்பம் கடைத்தெருவுக்குப் போகக்கூட உங்களிடம் அனுமதி கேட்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அது பக்தியின் மிச்சம் அன்று. அது பழக்கப்படுத்தப்பட்ட அச்சமாகவே தோன்றுகிறது.

உறக்கம், பணம், உறவு என அனைத்தையும் தலைவரின் ஒப்புதலுக்கு உட்படுத்தி, ஐயம் கொள்வதையே பாவமாக்கி, மனத்தில் தோன்றியதையெல்லாம் கூட்டத்தின் முன் ஒப்புக்கொள்ளச் செய்யும் இடத்தில் நீங்கள் சொல்வதுபோல் நான்கு ஆண்டுகள் இருந்தவருக்குத் தம் முடிவின் மீதே நம்பிக்கை போய்விடும். கைதிகளின் எண்ணங்களை வற்புறுத்தி மாற்றிய சீனச் சிறைகளிலிருந்து மீண்டவர்களை ஆராய்ந்த அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் லிஃப்டன் இத்தகைய மனமாற்றத்துக்கு 1961-இல் வகுத்துக்காட்டிய எட்டு அடையாளங்களில் இந்தப் பாவ ஒப்புதலும் ஒன்று.

ஒரு வாரம் இதைச் செய்துபாருங்கள். அவர் கேட்கும்போது "போ" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்லாமல், "உனக்கு எது வசதி?" என்று மட்டும் கேளுங்கள். குழம்புக்கு உப்பு போதுமா என்பதற்கும் உங்கள் முகத்தையே பார்த்து நின்றாலும் (நிற்பார்) பொறுத்திருங்கள். "தவறாகிவிட்டால் தண்டனை வருமே" என்றால் காரணம் அச்சமே. "எதிலும் விருப்பமில்லை" என்றால் மனச்சோர்வையும் ஐயுற வேண்டும்.

அந்தக் குருவைத் தங்கையின் எதிரில் ஏசாதீர்கள். ஏமாந்துவிட்டோம் என்ற வெட்கத்தில் அவர் வாயை மூடிக்கொள்வார். உறக்கம் அறவே கெட்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ இந்தச் சோதனையை நிறுத்திவிட்டு, புதுச்சேரி ஜிப்மர் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவானால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழையுங்கள்.