ஜிபிஎஸ் பேசுகிறது, வயர்லெஸுக்குக் கேட்கவில்லை

கேள்வி: ஐயா, பாம்பனில் 22 அடி பாய்ப்படகு வைத்திருக்கிறேன். பழைய ஜிபிஎஸ் பிளாட்டர், சிவப்பு பட்டன் வைத்த புது விஎச்எஃப் வயர்லெஸ், போன மாதம் மாட்டிய எக்கோ (ஆழம் காட்டும் கருவி), மூன்றும் மூன்று கம்பெனி. ஜிபிஎஸ்ஸையும் வயர்லெஸையும் நிறம் பார்த்து நிறத்தோடு சேர்த்தேன். வயர்லெஸ் ‘நோ பொசிஷன்’ என்றே காட்டுகிறது. எக்கோவின் பின்னால் ஐந்து பின் உள்ள உருண்டை சாக்கெட் மட்டும்தான் இருக்கிறது. மைக்கை அமுக்கினால் சில நேரம் ஜிபிஎஸ் அணைந்துவிட்டுத் திரும்ப எரிகிறது. போன் காட்டும் எண்ணும் ஜிபிஎஸ் காட்டும் எண்ணும் வேறாக இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்க வழி உண்டா?

பதில்: வழி உண்டு தம்பி. ஆனால் எல்லாவற்றையும் இணைக்க வேண்டுமா என்று முதலில் பார்த்துக்கொள்வோம். 22 அடிப் படகில் சுக்கானைப் பிடித்தபடியே எக்கோ திரையையும் ஜிபிஎஸ் திரையையும் பார்த்துவிடலாம். ஒன்றில் தெரிவதை இன்னொன்றிலும் காட்ட வயர் இழுப்பது ஆசைக்குத்தான். உங்கள் படகில் கட்டாயம் வேண்டிய இணைப்பு ஒன்றே ஒன்று, ஜிபிஎஸ்ஸிலிருந்து வயர்லெஸுக்குப் போவது. சிவப்பு மூடியைத் தூக்கிப் பட்டனை அமுக்கிப் பிடித்தால், வயர்லெஸ் உங்கள் படகின் எண்ணையும் இருக்கும் இடத்தையும் 70ஆம் சேனலில் தானாக அனுப்பும். இடம் தெரியாவிட்டால் வெறும் எண் மட்டும் போகும். வாடை அடிக்கிற இரவில் படகு தண்ணீர் வாங்கிக்கொண்டிருக்கும்போது, மைக்கில் அட்சரேகையை ஒவ்வொரு எண்ணாக வாசித்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது.

நிறத்தோடு நிறம் சேர்த்தேன் என்கிறீர்களே, அங்கேதான் கோளாறு. கரண்ட் வரும் வயருக்கு சிவப்பு, கறுப்பு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. உங்கள் ஜிபிஎஸ், வயர்லெஸ் போன்றவற்றின் தகவல் வயருக்கு அப்படி எல்லாரும் பின்பற்றும் வழக்கம் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு நிறம் வைக்கும். பழைய கார்மின் கருவிகளில் பெரும்பாலும் நீலம் பேசும் வயர், பழுப்பு கேட்கும் வயர். வேறு கம்பெனியில் அதே நீலத்துக்கு வேறு வேலை இருக்கலாம். அதனால் நிறத்தை மறந்துவிட்டு இரண்டு கருவிகளின் கையேட்டையும் எடுத்து, எது பேசுகிறது, எது கேட்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பேசும் வயர் எதிர்க் கருவியின் கேட்கும் வயருக்குப் போக வேண்டும். பேசும் வயர் இரண்டைச் சேர்த்து முறுக்கினால் இரண்டும் பேசிக்கொண்டே இருக்கும், கேட்க ஆள் இருக்காது.

இந்த இரண்டு கருவிகளும் பேசும் மொழிக்கு என்எம்இஏ 0183 என்று பெயர். 1983இல் வந்தது, இன்னும் சாகவில்லை. இதில் ஒருவர் பேசலாம், பலர் கேட்கலாம். உங்கள் ஜிபிஎஸ்ஸில் பேசும் வயர் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். வயர்லெஸில் கேட்பதற்கு கூட்டல், கழித்தல் என்று இரண்டு இருக்கும். ஜிபிஎஸ்ஸின் பேசும் வயரை வயர்லெஸின் கூட்டல் பக்கம் கொடுங்கள். வயர்லெஸின் கழித்தல் பக்கத்தை ஜிபிஎஸ்ஸின் கறுப்பு வயரோடு, அதாவது பேட்டரியின் நெகட்டிவோடு சேருங்கள். இந்த இரண்டாவது வயரைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஒரு எச்சரிக்கை: ஜிபிஎஸ்ஸிலும் ‘ஏ’, ‘பி’ என்று பேசும் வயர் இரண்டு இருந்தால், ஏ-யை ஏ-யோடும் பி-யை பி-யோடும் சேர்க்க வேண்டும். அப்போது பி-யைக் கொண்டுபோய் நெகட்டிவில் கட்டக் கூடாது.

வயர் சரிதானா என்று சோதிக்க சாதாரண மல்டிமீட்டர் போதும். டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையைப் பேசும் வயரிலும் வையுங்கள். எண் ஒரே இடத்தில் நிற்காமல் விநாடிக்கு ஒரு முறை துள்ளினால் ஜிபிஎஸ் பேசுகிறது என்று அர்த்தம். துள்ளவே இல்லையென்றால் ஜிபிஎஸ் மெனுவுக்குள் போய்ப் பாருங்கள். சில கருவிகள் கடையிலிருந்து வரும்போது தங்கள் கம்பெனிக்கே உரிய மொழியில் இருக்கும்; அதை என்எம்இஏ-வுக்கு மாற்ற வேண்டும். தகவல் போகும் வேகம் இரண்டு பக்கமும் விநாடிக்கு 4800 பிட் என்று இருக்க வேண்டும். வயர்லெஸ் 38400இல் நின்றுகொண்டிருந்தால் ஒன்றும் புரியாது.

அந்தத் துள்ளலுக்குள் என்ன போகிறது என்று பார்த்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். ஒரு வரி இப்படி இருக்கும்:

$ஜிபிஆர்எம்சி,043015,ஏ,0917.400,என்,07912.100,இ

முதலில் நேரம். 04:30:15 என்பது உலக நேரம், நமக்குக் காலை 10 மணி தாண்டி 15 விநாடி. அடுத்து வரும் ‘ஏ’ தான் முக்கியம். செயற்கைக்கோள் கிடைத்துவிட்டது, இந்த இடத்தை நம்பலாம் என்று அதற்கு அர்த்தம். கிடைக்காவிட்டால் அங்கே ‘வி’ வரும், வயர்லெஸ் அந்த வரியை ஒதுக்கிவிடும். தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து வயர் மாட்டிவிட்டு, ‘நோ பொசிஷன்’ என்று வந்ததும் சரியாக மாட்டிய வயரையே பிரித்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். வானம் தெரிகிற இடத்தில் சோதியுங்கள்.

அப்புறம், சிவப்பு பட்டன் அனுப்பும் படகின் எண் என்றேனே, அந்த எம்எம்எஸ்ஐ எண்ணை வயர்லெஸில் ஏற்றியிருக்கிறீர்களா? ஒன்பது இலக்கம், இந்தியப் படகுக்கு 419இல் தொடங்கும். அது இல்லாமல் சிவப்பு பட்டன் வேலை செய்யாது. லைசென்ஸோடு முறையாக வாங்கி ஏற்றுங்கள். சோதித்துப் பார்க்கலாம் என்று வாய்க்கு வந்த எண்ணைப் போட்டுவிடாதீர்கள். பல வயர்லெஸ்களில் ஒரு முறை அல்லது இரண்டு முறைதான் ஏற்ற விடும். அதற்குப் பிறகு மாற்ற கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டும்.

மைக்கை அமுக்கினால் ஜிபிஎஸ் அணைவது தனிக் கதை, இதற்கும் தகவல் வயருக்கும் சம்பந்தமில்லை. 25 வாட்டில் பேசும்போது வயர்லெஸ் 5 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். பேட்டரி அணியத்தில் (படகின் முன்பக்கம்), கருவிகள் பின்னால் என்றால் போகவர 10 மீட்டர் வயர். ஒரு சதுர மில்லிமீட்டர் வயரில் 10 மீட்டருக்கு 5 ஆம்பியர் ஓடினால் 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். பாதி இறங்கிய பேட்டரி என்றால் ஜிபிஎஸ்ஸுக்கு மிச்சம் வருவது போதாது. இரண்டும் ஒரே வயரில் தொங்குவதால், ஒன்று இழுக்கும்போது மற்றது மயங்கி விழுகிறது. வயர்லெஸுக்கு பேட்டரியிலிருந்தே தனி வயர், 4 சதுர மில்லிமீட்டரில், பேட்டரிப் பக்கமே ஃபியூஸ் வைத்துப் போடுங்கள். அப்போது இழப்பு கால் வோல்ட்டுக்கும் கீழே.

வயரை வெட்டும்போது உள்ளே பாருங்கள். செம்பு பளபளப்பாக இல்லாமல் கறுத்திருந்தால், எவ்வளவு வெட்டினால் பளபளப்பு வருகிறதோ அவ்வளவும் வெட்ட வேண்டும். வெள்ளீயம் பூசிய கம்பியாக வாங்கினால் இந்தத் தொல்லை குறைவு. இணைப்புக்கு மேல் இன்சுலேஷன் டேப் சுற்றாதீர்கள். அது உப்புத் தண்ணீரை உள்ளே வைத்துக் காப்பாற்றும். சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். வயர்லெஸின் ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது, அதை காம்பஸ் பக்கத்தில் பொருத்த வேண்டாம்.

இனி எக்கோ. ஐந்து பின் உருண்டை சாக்கெட் என்றால் அது பெரும்பாலும் என்எம்இஏ 2000. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் மொழி வேறு. பழையது திருவிழா மைக் செட் மாதிரி, ஒருவர் பேச ஊர் கேட்கும். புதியது மீன் ஏலம் மாதிரி, ஒரே வயரில் எல்லாரும் பேசுவார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் முக்கியமான செய்தி முன்னால் போகும், மற்றவர் நிறுத்திவிட்டு அடுத்த முறை சொல்வார். வேகமும் விநாடிக்கு 2,50,000 பிட். கேபிளை வெட்டி, உள்ளே தகவல் போகும் வெள்ளை வயரையும் நீல வயரையும் ஜிபிஎஸ் வயரோடு சேர்த்தால் ஒன்றும் வராது. நடுவில் மொழிபெயர்க்க ஒரு பெட்டி வேண்டும். ஆக்டிசென்ஸ், யாட் டிவைசஸ் போன்ற கம்பெனிகள் விற்கின்றன. பெட்டியோடு முடியாது. நடுக் கேபிள், டி வடிவ இணைப்புகள், அந்த வரிசைக்குத் தனி 12 வோல்ட், இரண்டு முனையிலும் 120 ஓம் டெர்மினேட்டர் (முனையை மூடும் மின்தடை), எல்லாம் வாங்க வேண்டும். மாட்டிய பிறகு கரண்டை நிறுத்திவிட்டு வெள்ளைக்கும் நீலத்துக்கும் இடையே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது.

இவ்வளவும் எதற்கு? ஆழம் இன்னொரு திரையிலும் தெரிவதற்கு. என்னைக் கேட்டால் எக்கோவை அப்படியே தனியாக விட்டுவிடுங்கள். அந்தப் பணத்துக்கு நல்ல பேட்டரி வாங்கலாம். எக்கோவில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அது காட்டுவது சென்சாருக்குக் கீழே உள்ள ஆழம். ஒன்றரைப் பாகம், அதாவது ஏறக்குறைய ஒன்பது அடித் தண்ணீரில் பாருக்கு (கடலடிப் பாறைக்கு) மேல் போகும்போது ஒரு அடி வித்தியாசமும் படகைத் தட்டிவிடும். குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அளந்து, மெனுவில் அந்த வித்தியாசத்தை (ஆஃப்செட்) ஏற்றிச் சரிசெய்துகொள்ளுங்கள். படகு இருக்கும் இடத்தைக் கரைக்குத் தெரிவிக்க அரசு கொடுத்த டிரான்ஸ்பாண்டர் இருந்தால் அதையும் எதோடும் இணைக்காதீர்கள், திறக்கவும் வேண்டாம்.

கடைசியாக போன் எண். இரண்டும் ஒரே இடம்தான் தம்பி, எழுதும் முறை வேறு. ஜிபிஎஸ்ஸில் 9° 17.400' என்பது 9 டிகிரி 17.4 நிமிடம். போன் அதையே டிகிரியில் சொல்கிறது: 17.4-ஐ 60ஆல் வகுத்தால் 0.29, ஆக 9.290. ஜிபிஎஸ்ஸைப் பார்த்து போனில் 9.174 என்று அடித்தீர்களானால், ஏறக்குறைய 7 கடல் மைல் தெற்கே தள்ளிப்போகும். பாம்பன் பாலத்துக்கு வடக்கே பாக் விரிகுடாவில் நிற்கும் படகை மன்னார் வளைகுடாவுக்குள் கொண்டுபோய் நிறுத்தும். எல்லைக்கோட்டுப் பக்கம் போகிறவருக்கு 7 மைல் என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. போன் செயலியின் செட்டிங்கில் டிகிரி–நிமிடம் என்று மாற்றிவிடுங்கள், இரண்டிலும் ஒரே எண் வரும். கரையில் இருப்பவரிடமும் எந்த முறையில் எண் சொல்வீர்கள் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கு போன் போட்டுச் சொல்ல நேர்ந்தால், “9 டிகிரி, 17 புள்ளி 4 நிமிடம், வடக்கு” என்று டிகிரியையும் நிமிடத்தையும் வாய்விட்டே சொல்லுங்கள்.